வெள்ளையடிக்கப்பட்ட நாடு: பினோசே ஆட்சியில் சிலியின் கலையும் வடிவமைப்பும்

சிலியின் தலைநகரான சான்டியாகோவின் நடுவில் 1972ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு பெரிய கட்டடத்தின் கதவுகளில், ரிக்கார்டோ மெசா என்ற சிற்பி செய்து கொடுத்த உலோகக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் மேல்நோக்கி உயர்ந்த ஒரு முஷ்டி. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. குண்டுவீச்சில் எரிந்துபோன லா மொனேடா அதிபர் மாளிகைக்குப் பதிலாக இதே கட்டடத்தைத் தன் தலைமையிடமாக அது எடுத்துக்கொண்டபோது, அந்தக் கைப்பிடிகளைக் கழற்றி எறிந்துவிடவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பொருத்தியது. கதவைத் திறக்க அவை தொடர்ந்து பயன்பட்டன. உயர்ந்திருந்த கை மட்டும் தாழ்ந்துவிட்டது.

அடக்குமுறையின் கீழ் கலை என்று பேசத் தொடங்கினால், தடைசெய்யப்பட்ட படைப்புகள், சிறைப்பட்ட கலைஞர்கள், நாட்டைவிட்டு ஓடியவர்கள் என்று ஒரு பட்டியல்தான் வழக்கமாக முன்னால் வரும். பட்டியலில் பிழையில்லை. ஆனால் கைப்பிடியைத் திருப்பி முடுக்கச் சொன்னவரின் கண் அதில் இடம்பெறுவதில்லை. அவர் வடிவத்தைக் கூர்ந்து வாசித்திருக்கிறார்; முஷ்டி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன பொருள் தரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1990 வரை நீடித்த ராணுவத் தளபதி அகஸ்டோ பினோசேயின் ஆட்சியில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் சித்திரவதைக்கு ஆளானார்கள். அந்தக் கொடுமையின் பக்கத்தில் சுவரையும் நாணயத்தையும் பத்திரிகைப் பக்கத்தையும் வைத்துப் பேசுவது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஆட்சியே இவற்றை அற்பமாகக் கருதவில்லை. எந்தப் பொருள்களை அது பறித்தது, எவற்றைக் கவனியாமல் விட்டது என்பதைப் பொறுத்தே சிலியின் எதிர்ப்புக் கலை எந்த உருவத்தை எடுக்கும் என்பது முடிவானது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

பறிக்கப்பட்டது எவ்வளவு என்று அறிய, அதற்கு முந்தைய மூன்றாண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1970 தேர்தலில் வென்ற சால்வடோர் அலெண்டேயின் இடதுசாரிக் கூட்டணிக்குப் பெரிய நாளிதழ்களின் ஆதரவு குறைவாகவே இருந்தது; சுவர் தாராளமாக இருந்தது. கம்யூனிஸ்ட் இளைஞர்கள் 1968இல் தொடங்கிய ரமோனா பார்ரா படை, 1946ஆம் ஆண்டு சான்டியாகோவில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் பெயரைத் தாங்கியது. காவலர் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதால், அவர்கள் சுவர் ஓவியத்தை ஒரு தொழிற்கூட வேலைபோலப் பிரித்துக்கொண்டார்கள்: ஒருவர் கோடு போடுவார், ஒருவர் பின்னணி பூசுவார், மற்றவர்கள் நிறம் நிரப்புவார்கள், கடைசியில் கறுப்புத் தூரிகை எல்லாவற்றையும் தடித்த கோட்டால் கட்டும். புறா, கை, நட்சத்திரம், பக்கவாட்டு முகம் என்று அந்த ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும் உருவங்களும் கனத்த கறுப்பு விளிம்பும் அவசரத்தில் பிறந்த பாணி. பின்னால் வந்தவர்கள் அதைப் புரட்சியின் அழகியல் என்றார்கள். விசென்டே லர்ரேயாவும் அவருடைய தம்பி அன்டோனியோவும் தங்கள் வடிவமைப்பகத்தில் உருவாக்கிய சுவரொட்டிகளும் இசைத்தட்டு உறைகளும் இதே காலத்தின் முகமாக விளங்கின. 1971இல் அரசு வாங்கிய ஓர் அச்சகத்திலிருந்து, மாபுச்சே மக்களின் மொழியில் ‘அறிவின் சூரியன்’ எனப் பொருள்படும் கிமந்து என்ற பெயரில், பத்திரிகை விலைக்கு இலட்சக்கணக்கில் புத்தகங்கள் வந்தன. குய் போன்சீப்பே என்ற ஜெர்மானியர் தலைமையில் அரசுத் தொழில்நுட்ப நிறுவனமொன்றில் இயங்கிய வடிவமைப்புக் குழு, நாட்டின் பொருளாதாரத்தைக் கண்காணிப்பதற்கான ஒரு கட்டுப்பாட்டு அறையை வடிவமைத்ததை உலகம் இன்றும் வியந்து பேசுகிறது. அதே குழு பால்பொடியை அளக்க எளிய பிளாஸ்டிக் கரண்டிகளையும் வடிவமைத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் அரை லிட்டர் பால் என்பது அலெண்டே அரசின் வாக்குறுதி. அதற்குப் பொடியைச் சரியாக அளக்கத் தெரிய வேண்டும். எனக்கு அந்தக் கட்டுப்பாட்டு அறையைவிட இந்தக் கரண்டிதான் அக்காலத்தின் வடிவமைப்பை நன்றாக விளக்குவதாகப் படுகிறது.

கதவுக் கைப்பிடிகளின் கட்டடமும் இதே வேகத்தில் எழுந்ததுதான். வணிகம், வளர்ச்சி குறித்த ஐக்கிய நாடுகளின் மாநாட்டுக்காக 275 நாட்களில் கட்டி முடிக்கப்பட்ட அதில், கலைஞர்கள் பலர் கதவு, புகைபோக்கி, விளக்கு போன்ற கட்டட உறுப்புகளிலேயே தங்கள் படைப்பை வைத்தார்கள். மாநாடு முடிந்ததும் அது கவிஞர் கேப்ரியேலா மிஸ்ட்ரல் பெயரில் பண்பாட்டு மையமாகி, அங்கிருந்த உணவகத்தில் மாணவர்களும் தொழிலாளர்களும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். ராணுவம் வந்ததும் 19ஆம் நூற்றாண்டு அரசியல்வாதியான டியகோ போர்ட்டாலெஸின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பொதுமக்களுக்கு வழி அடைபட்டது.

இனி வெள்ளையடிப்புக்கு வருவோம். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்களுக்குத் தெரியும், வெள்ளை என்பது வெறும் நிறமில்லை, ஓர் அறிவிப்பு. பழையது முடிந்தது, புதியது தொடங்குகிறது என்று அது சொல்லும். 1973 செப்டம்பருக்குப் பிறகு சான்டியாகோவிலும் பிற நகரங்களிலும் நடந்த தூய்மைப் பணிகள் இந்த அறிவிப்பையே செய்தன. சுவர் ஓவியங்களும் முழக்கங்களும் பூச்சின் கீழே போயின. இளைஞர்களின் நீண்ட முடியைச் சிப்பாய்கள் தெருவிலேயே கத்தரித்தார்கள். சான் மிகேல் பகுதியில் நின்ற சே குவேராவின் சிலை வீழ்த்தப்பட்டது. சான் போர்ஹா குடியிருப்புக் கோபுரங்களின் அருகே புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியதை வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் படமெடுத்தார்கள். அப்போது ‘கியூபிசம்’ பற்றிய கலை நூல்களைக் கியூபா பற்றியவை என்றெண்ணிச் சிப்பாய்கள் எரித்தார்கள் என்று ஒரு கதை சிலியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ இல்லையோ, அதை நம்பிச் சிரிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பியவர்கள் அறியாமையால் அதைச் செய்யவில்லை.

லா கிரான்ஹா என்ற உழைப்பாளர் பகுதியின் நகராட்சி நீச்சல் குளத்தருகே ஒரு சுவர் இருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த சிலி ஓவியர் ரொபர்ட்டோ மாட்டா 1971இல் ரமோனா பார்ரா படையின் இளைஞர்களோடு சேர்ந்து, ‘சிலி மக்களின் முதல் கோல்’ என்ற தலைப்பில் ஏறத்தாழ 24 மீட்டர் நீளத்துக்கு அதில் வரைந்திருந்தார். அதன்மீது பூசப்பட்டவை ஒன்றிரண்டு பூச்சுகள் அல்ல. பின்னாளில் சுரண்டி எடுத்தபோது பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் வந்தன. 2005க்கும் 2008க்கும் இடையில்தான் அந்த ஓவியம் மீட்கப்பட்டது. மாட்டா 2002லேயே இறந்துவிட்டார்.

அழித்ததோடு நின்றிருந்தால் அது வெறும் தணிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் ஆட்சி தன் சொந்த உருவங்களையும் வார்த்தது. 1981 முதல் புழங்கிய பத்து பெசோ நாணயத்தில், சிறகுள்ள ஒரு பெண் கைவிலங்குச் சங்கிலியை அறுத்தபடி நிற்கிறாள். பக்கத்தில் ‘விடுதலை’ என்ற சொல்லும் ஆட்சிக் கவிழ்ப்பின் தேதியும் பொறிக்கப்பட்டிருந்தன. ரொட்டி வாங்கும் ஒவ்வொரு கையிலும் செப்டம்பர் 11 இருந்தது. மக்களாட்சி திரும்பிய பிறகு புதிய அச்சு வந்தாலும் பழைய காசுகள் ஆண்டுக்கணக்கில் சில்லறையோடு கலந்து வந்துகொண்டிருந்தன. பிராவிடென்சியா பகுதியின் முக்கியமான ஒரு சாலைக்கு 1980இல் அதே தேதியைப் பெயராக வைத்தார்கள். அது மாறுவதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிலி ஆய்வாளர்கள் இந்த முழு வேலையையும் ‘அழகியல் ஆட்சிக்கவிழ்ப்பு’ என்று குறிப்பிடுகிறார்கள். பொருத்தமான சொல்தான்.

இதில் கணக்கில் வராத ஒரு பகுதியும் உண்டு. வீடு சோதனைக்கு வந்தால் ஒரு சுவரொட்டியே போதிய சாட்சியாகிவிடும் என்ற அச்சத்தில், மக்கள் தாங்களே தங்கள் சுவரொட்டிகளையும் இசைத்தட்டுகளையும் புத்தகங்களையும் எரித்தார்கள், புதைத்தார்கள், கிழித்துக் கழிப்பறையில் விட்டார்கள். அலெண்டே காலச் சுவரொட்டிகளில் எத்தனை ராணுவத்தின் கையால் அழிந்தன, எத்தனை உரியவர்களின் கையாலேயே அழிந்தன என்பதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

சுவரும் அச்சகமும் கலைக்கல்லூரியும் போன பிறகு, பழைய வடிவங்களிலேயே எதிர்த்துப் பேச முயன்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு கியெர்மோ நூன்யெஸின் கதை போதும். தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநரான இந்த ஓவியர் 1974இல் கைதாகி, பல மாதங்கள் கண்கட்டோடு வைக்கப்பட்டிருந்து வெளியே வந்தார். 1975 மார்ச் மாதம் சான்டியாகோவிலிருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனத்தில் ஒரு கண்காட்சி வைத்தார். பறவைக் கூண்டுகளும் அவற்றுக்குள் அன்றாடப் பொருள்களும். சிலிக் கொடியின் மூன்று நிறங்களில் தூக்குக்கயிறு போல முடிச்சிட்ட ஒரு கழுத்துப் பட்டியும் இருந்தது. மறுநாளே கண்காட்சி மூடப்பட்டது. நூன்யெஸ் மறுபடி சிறைக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்கு நாடுகடத்தப்பட்டார். வெளிநாட்டுத் தூதரகத்தின் நிழலில் இருந்த கூடம்கூடக் கலைக்கூடம்தான். அங்கே வைக்கப்படுவது எல்லாம் ஏதோ சொல்ல வருகிறது என்று கண்காணிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும்.

சிறைக்குள் பொருள் இன்னும் குறைவு. மிகேல் லாவ்னர் என்ற கட்டடக் கலைஞர், அந்த மாநாட்டுக் கட்டடத்தை எழுப்பிய அரசு நகர்ப்புற மேம்பாட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். தென்கோடியில் டாசன் தீவு முகாமில் அடைக்கப்பட்டிருந்தபோது, முகாமின் நீளத்தையும் அகலத்தையும் தன் காலடிகளால் அளந்து, இரவில் வரைந்து, பிறகு வரைந்ததைக் கிழித்துப் போட்டார். மறுபடி மறுபடி வரைந்து கிழித்ததில் படம் மனத்தில் பதிந்தது. டென்மார்க்கில் அகதியாகக் குடியேறியதும் அதை நினைவிலிருந்து தாளில் இறக்கினார். சிலியில் அப்படிப்பட்ட முகாம்கள் இருந்தனவா என்ற கேள்விக்கு அந்த வரைபடங்கள் சான்றாயின. கட்டடக் கலைஞனின் மிகச் சாதாரணமான தொழிற்பழக்கம், அதாவது இடத்தைக் காலால் அளப்பது, அவருக்கு மிச்சமிருந்த ஒரே கருவி.

இப்படி மிஞ்சியவற்றிலெல்லாம் மிகத் தூரம் போனது சாக்குத்துணி. ஆர்பியேரா என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் பொருளே முரட்டுச் சாக்குத்துணி என்பதுதான். அதில் தைப்பது சிலிக்குப் புதிதும் அல்ல. நாட்டுப்புறப் பாடகி வியோலெத்தா பார்ரா தைத்த சாக்குத்துணிப் படங்கள் 1964லேயே பாரிஸின் லூவ்ர் வளாகத்திலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இஸ்லா நெக்ரா என்ற கடற்கரை ஊரின் பெண்களும் வண்ண நூல் வேலைக்குப் பெயர் பெற்றிருந்தார்கள். 1973 அக்டோபரில் பல திருச்சபைகள் கூடி அமைத்த உதவிக் குழுவுக்கு, கணவனையும் மகனையும் தேடிச் சிறை சிறையாக அலைந்த பெண்கள் வந்தார்கள். அவர்களுக்காக 1974 வாக்கில் தையல் கூடங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டின் இறுதியில் பினோசே நெருக்கிய நெருக்கில் அந்தக் குழு மூடப்பட்டது. கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் 1976 ஜனவரி முதல் நாளே அதன் பணியை ‘ஒற்றுமைத் துணையகம்’ என்ற பெயரில் கத்தோலிக்கத் திருச்சபையின் நேரடிப் பாதுகாப்பில் மறுபடி தொடங்கினார்.

மாவுச் சாக்கைக் கழுவி வெட்டிய ஒரு துண்டு அடித்தளம். அதன் மேல் விளிம்பில் ஆண்டீஸ் மலையும் சூரியனும் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். சான்டியாகோவின் எந்தச் சந்திலிருந்து பார்த்தாலும் தெரியும் மலை அது. கீழே வெட்டுத்துணிகளில் வீடுகள், தெரு, மரம். விரலளவு பொம்மைகளுக்குத் துணி சுற்றி உருண்டைத் தலை வைத்து, கம்பளி நூலிலோ உண்மையான முடியிலோ கூந்தல் வைத்து, துணியிலிருந்து துருத்தி நிற்கும்படி தைப்பார்கள். ஓரங்களைக் கம்பளி நூலால் பின்னி முடிப்பார்கள். பளிச்சென்ற நிறங்களைப் பார்த்து, குழந்தைகள் அறைக்கு வாங்கும் படம் என்று நினைத்து அருகில் போனால்தான் விஷயம் புரியும்: பொதுக் கஞ்சிப்பானையைச் சுற்றி நிற்கும் பெண்கள், தண்ணீர் வெட்டப்பட்ட குழாய், காவல் வண்டி, மூடப்பட்ட நாடாளுமன்றத்தின் கம்பிக் கதவில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டவர்கள், மார்பில் புகைப்படம் குத்தி ‘அவர்கள் எங்கே?’ என்று கேட்கும் வரிசை. சில படங்களின் பின்புறம் ஒரு சிறு பை தைத்து, அதில் காகிதத் துண்டொன்றில் செய்தி எழுதி வைப்பதும் வழக்கமாயிற்று. துணி சில வேளை காணாமல் ஆக்கப்பட்டவரின் சட்டையிலிருந்தோ கால்சட்டையிலிருந்தோ வந்தது. படத்தில் இருப்பவர் அணிந்திருப்பது உண்மையிலேயே அவருடைய உடை என்றால், அங்கே உருவகம் என்ற சொல்லுக்கு வேலையில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற இந்தத் தமிழ்த் தொடரை இவ்வளவு இயல்பாக எழுத முடிவதே இலங்கைத் தமிழரின் அனுபவத்தால்தான். வெறுமனே காணாமல் போகவில்லை, யாரோ காணாமல் ஆக்கினார்கள் என்று வினையிலேயே குற்றவாளிக்கு இடம் வைத்த தொடர் அது. மார்பில் புகைப்படத்தோடு நிற்கும் கிளிநொச்சித் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆர்பியேராக்களில் விளக்கம் தேவைப்படாத பகுதிகள் நிறைய.

இது ஏன் தப்பித்தது? ராணுவத்தின் உலகப் பார்வையில் பெண் வீட்டில் உட்கார்ந்து ஊசி நூலோடு இருப்பது ஒழுங்கின் அடையாளம். பினோசேயின் மனைவி தலைமை வகித்த அன்னையர் மையங்களும் பெண்களுக்குக் கைவினைதான் கற்பித்தன. கையில் தூரிகை இருந்தால் சந்தேகம். ஊசி இருந்தால் இல்லை. ஆட்சி தானே போற்றிய ஒரு பெண்மை உருவத்தின் மறைவில்தான் இந்தப் படங்கள் தைக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குப் பின் அரசு ஆதரவு நாளிதழ்கள் விழித்துக்கொண்டு நாட்டை இழிவுபடுத்தும் துணிப்படங்கள் என்று எழுதின, சுங்கத்தில் பொதிகள் பிடிபட்டன. ஆனால் அதற்குள் திருச்சபையின் வழியாகவும் அகதிகளாகச் சென்ற சிலியர்களின் வழியாகவும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவை பரவிவிட்டன.

தைத்தவர்களை வீரப்பெண்கள் என்று மட்டும் எழுதிவிட்டால் பாதிக் கதை போய்விடும். 1975இல் சிலியின் பொருளாதாரம் ஏறத்தாழ 13 சதவீதம் சுருங்கியது. குடிசைப் பகுதிகளில் வேலையற்ற கணவர்களோடு இருந்த பெண்கள் பலர் அடுப்பெரிப்பதற்காகவே தையல் கூடங்களில் சேர்ந்தார்கள். வாரத்துக்கு எத்தனை படம் வாங்கப்படும் என்பதற்கு வரையறை இருந்தது. தையல் நேர்த்தி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், சரியில்லாததைத் திருத்தச் சொன்னார்கள். வெளிநாட்டு ஆதரவாளர்கள் என்ன வாங்குவார்கள் என்பதும், திருச்சபை எவ்வளவு ஆபத்தைத் தாங்கும் என்பதும் துணிக்குள் நுழைந்தன. வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப அமைந்த பொருள் என்பதால் அதன் உண்மை குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குச் சிலை வடித்தவனும் கூலி வாங்கினான். எனினும் அடக்குமுறைக் கலையைத் தனிமனிதத் துணிச்சலின் வெடிப்பாகவே பார்க்கும் பழக்கத்துக்கு, வாரச் சந்தைக் கணக்கு ஒரு நல்ல மருந்து.

1978 இறுதியில் சான்டியாகோவுக்கு வெளியே லோன்கேன் என்ற இடத்தில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாய்களுக்குள் 15 ஆண்களின் எச்சங்கள் கிடைத்தன. 1973 அக்டோபரில் கைதானவர்கள் அவர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று யாரும் இல்லை, ஓடிப்போனவர்கள்தான் இருக்கிறார்கள் என்ற அரசின் பேச்சு அங்கே உடைந்தது. 1980இல் காளவாய்கள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அதன்பின் அந்த இடத்தின் உருவம் மிஞ்சியது, ஒற்றுமைத் துணையகத்தின் புகைப்படக்காரர் லூயிஸ் நவார்ரோ எடுத்த படங்களிலும், இரட்டைக் காளவாய்களைச் சாம்பல்நிறத் துணியில் வெட்டித் தைத்த ஆர்பியேராக்களிலும்தான்.

புகைப்படம் சாக்குத்துணியைப்போல மறைந்து வேலை செய்யக்கூடியதல்ல. தெருவில் கேமராவைத் தூக்கினால் தெரியும். பத்திரிகை அடையாள அட்டை கிடைக்காதவர்கள் 1981இல் சுயாதீனப் புகைப்படக்காரர் சங்கத்தை அமைத்துத் தங்களுக்குத் தாங்களே அட்டை அடித்துக்கொண்டார்கள். 1983 மே முதல் நாடெங்கும் எதிர்ப்பு நாட்கள் தொடங்கியதும் அவர்கள் எடுத்த படங்கள் எதிர்க்கட்சி இதழ்களில் நிரம்பின. ராணுவ அதிகாரம் 1984 செப்டம்பரில் ஒரு விசித்திரமான ஆணை போட்டது: அனாலிசிஸ், ஆப்சி, காவ்சே, ஃபோர்ட்டின் மபோச்சோ ஆகிய நான்கு இதழ்களும் இனி எழுத்தை மட்டுமே அச்சிடலாம், எந்த வகையான படமும் கூடாது. எழுத்தைவிடப் படத்துக்கு அஞ்சிய இந்த ஆணையை இதழ்களின் வடிவமைப்பாளர்கள் எழுத்துக்கு எழுத்து மதித்தார்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவில் வெற்றுக் கட்டம் போட்டு, கீழே படக்குறிப்பை மட்டும் அச்சிட்டார்கள். மூலையில் தடியோடு நிற்கும் காவலர், தரையில் கிடக்கும் இளைஞர் என்று குறிப்பு சொல்ல, கட்டம் வெறுமையாக இருக்கும். வாசகரே படத்தை வரைந்துகொள்ள வேண்டும். பத்து ஆண்டுகளாகச் சுவர்களில் பூசப்பட்ட வெள்ளை இப்போது பக்கத்தில் வந்து அரசையே காட்டிக்கொடுத்தது. அந்த நவம்பரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இதழ்கள் அடியோடு நிறுத்தப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெற்றுக் கட்டம் கெட்டிக்காரத்தனம்தான், கேடயமில்லை.

வெள்ளையைத் திருப்பிப் பயன்படுத்தும் இந்த வித்தையை ஐந்தாண்டு முன்பே ஒரு சிறு குழு செய்திருந்தது. எழுத்தாளர் டியமேலா எல்டிட், கவிஞர் ராவுல் சுரிட்டா, கலைஞர்கள் லோட்டி ரோசன்ஃபெல்ட், ஹுவான் காஸ்டியோ, சமூகவியலாளர் ஃபெர்னாண்டோ பால்செல்ஸ் ஆகியோர் 1979இல் தொடங்கிய கலைச்செயல் கூட்டமைப்பின் முதல் செயல், அதே லா கிரான்ஹா பகுதியில் 100 வீடுகளுக்கு அரை லிட்டர் பால் பைகளைக் கொடுத்தது. மாட்டாவின் ஓவியம் அப்போது பூச்சுக்குள் கிடந்த ஊர் அது. அரை லிட்டர் என்ற அளவைக் கேட்ட எந்தச் சிலியருக்கும் அலெண்டே நினைவுக்கு வருவார். ஆனால் பால் கொடுப்பதைத் தடைசெய்ய எந்தச் சட்டமும் இல்லை. அதே நேரத்தில் ஒரு வார இதழின் பக்கத்தில், இந்தப் பக்கம் முழுவதும் வெள்ளை என்று, அன்றாடம் குடிக்க வேண்டிய பால்போல வெள்ளை என்று கற்பனை செய்யும்படி வாசகரைக் கேட்டார்கள். இரு வாரங்களில் பால் லாரிகளை வரிசையாக நகரத்தின் ஊடே ஓட்டிச் சென்று நுண்கலை அருங்காட்சியகத்தின் முன் நிறுத்தி, அதன் முகப்பை வெள்ளைத் துணியால் மறைத்தார்கள்.

டிசம்பரில் ரோசன்ஃபெல்ட் தனியாகச் செய்தது இன்னும் எளிமையானது. மன்கேவே சாலையின் நடுவில் போக்குவரத்தைப் பிரிக்கும் வெள்ளைக் கோட்டுத் துண்டுகள் ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு வெள்ளைத் துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டே போனார். கோடுகள் கூட்டல் குறிகளாயின, அல்லது கல்லறைச் சிலுவைகளாயின. எப்படி வாசிப்பது என்பது ஓட்டிச் செல்பவர் பாடு. சாலைக்கோடு எல்லோரும் யோசிக்காமல் கீழ்ப்படியும் ஒரு வடிவமைப்பு. அதை அவர் அழிக்கவில்லை, அதன்மேல் ஒரு கோடு கூட்டினார். கைப்பிடியைத் திருப்பியவருக்கு இதுதான் சரியான மறுமொழி என்று எனக்குப் படுவதுண்டு.

கூட்டல் குறிக்கு ஸ்பானிய மொழியில் ‘மாஸ்’ என்று பெயர். ‘மேலும்’ என்பதும் அதே சொல். ஆட்சிக் கவிழ்ப்பின் பத்தாம் ஆண்டை ஒட்டி, 1983 முதல் இந்தக் கூட்டமைப்பினர் இரவில் சுவர்களில் ‘நோ +’ என்று எழுதி விட்டுப்போனார்கள். ‘இனி வேண்டாம்’ என்று பொருள். என்ன வேண்டாம் என்பதை அவர்கள் எழுதவில்லை. சாவு, சித்திரவதை, பசி, பினோசே என்று அடுத்தடுத்த நாட்களில் வேறு கைகள் நிரப்பின. ரமோனா பார்ரா படைக்குச் சுவரை நிரப்ப ஒரு குழுவும் வாளி நிறைய வண்ணமும் தேவைப்பட்டன. இதற்கு மூன்று எழுத்தளவு நேரம் போதும், மீதியைத் தெரு பார்த்துக்கொள்ளும். இக்குழுவினரின் படைப்புகளை விமர்சகர்கள் விளக்கிய மொழி அநேகமாக யாருக்கும் புரியாத அளவுக்குச் சிடுக்காக இருந்ததும் உண்மை. அந்தச் சிடுக்கும் ஓரளவு தணிக்கை தந்ததே. ஆனால் ‘நோ +’ புரிவதற்கு விமர்சகர் தேவைப்படவில்லை.

பினோசே மேலும் எட்டாண்டு நீடிக்கலாமா என்று கேட்டு 1988 அக்டோபர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் நாளுக்கு 15 நிமிடம் தரப்பட்டது. ‘வேண்டாம்’ தரப்பின் சின்னம் ஒரு வானவில், முழக்கம் மகிழ்ச்சி வருகிறது என்பது. விளம்பரத் தொழிலின் பளபளப்போடு வந்த இந்தப் பிரசாரத்தை, இறந்தவர்களின் மேல் இன்னொரு பூச்சு என்று கருதியவர்கள் எதிர்க்கட்சிகளுக்குள்ளேயே இருந்தார்கள். ஆயினும் அந்த 15 நிமிடங்களுக்குள்தான், ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆட வேண்டிய சிலியின் தேசிய நடனமான குவேக்காவை, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பப் பெண்கள் தனியே ஆடிக் காட்டியதும் ஒளிபரப்பானது. எதிரில் இருக்க வேண்டிய ஆளின் இடம் வெற்றுக் கட்டம்போல விடப்பட்டிருந்தது. ஏறத்தாழ 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாண்டாகச் சுவர்களில் இருந்த ‘நோ’ வாக்குச்சீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நேர்க்கோடு போட ஆதாரம் போதாது. அந்தச் சொல்லை எழுதிப் பழகிய கைகள் நாட்டில் நிறைய இருந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

அடக்குமுறை நல்ல கலையை உண்டாக்கும் என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். சிலியின் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. லாவ்னர் வீடுகள் கட்ட வேண்டிய வயதில் முகாமை அளந்துகொண்டிருந்தார். கிமந்து அச்சகம், லர்ரேயாக்களின் சுவரொட்டிகள், பால் கரண்டி செய்த குழு ஆகியவை இன்னும் பதினைந்தாண்டு இயங்கியிருந்தால் என்ன செய்திருக்கும் என்பதற்குக் காட்சிக்கூடம் கிடையாது.

1990 மார்ச்சில் பினோசே பதவி இறங்கினார். 1992இல் ஒற்றுமைத் துணையகமும் தன் வேலையை முடித்துக்கொண்டது. வெளிநாட்டு ஆதரவாளர்களின் கவனம் வேறு நாடுகளுக்குப் போக, ஆர்பியேரா வாங்குவோர் குறைந்தார்கள். தொடர்ந்து தைத்தவர்களின் துணிகளில் காவல் வண்டிக்குப் பதிலாக அறுவடையும் திராட்சைத் தோட்டமும் சந்தையும் வந்தன. சுற்றுலாப் பயணிகள் வாங்கியது அதைத்தான். பழைய துணிகள் பல இன்று 2010இல் திறக்கப்பட்ட சான்டியாகோவின் நினைவு அருங்காட்சியகத்திலும் உலகின் வேறு சேகரிப்புகளிலும் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிடுபவர்களுக்கு ஒரு தீராத சிக்கல் உண்டு. கையெழுத்து ஆபத்து என்பதால் பெரும்பாலான துணிகளில் பெயர் இல்லை. படைத்தவர் என்ற கட்டத்தில் ‘அறியப்படவில்லை’ என்று எழுதுகிறார்கள்; துணியில் நிற்கும் விரலளவு பொம்மையின் மார்பில், அவள் தேடுகிறவரின் பெயர் மட்டும் நூலால் தைக்கப்பட்டிருக்கிறது.